உரிமையாளர் இல்லாத கோப்புகள்

ஆகஸ்டு மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில் அந்த ஆய்வு மாணவி முனையத்தைத் திறந்து, ஐந்து மாதங்களாகத் தொடாத ஒரு நிரலை ஓட்டினாள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: கனமழை நாட்களின் கணக்கை 1950-க்கு முன், 1950-க்குப் பின் எனப் பிரித்துப் பார்த்தாலும் முடிவு நிற்குமா? நியாயமான கேள்வி. அரைநாள் வேலை என்று எண்ணித்தான் உட்கார்ந்தாள். நிரல் ஒரு நொடிகூட ஓடவில்லை. அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

இல்லை என்று சொல்லப்பட்ட கோப்பின் பெயர் அவள் கண்ணெதிரே இருந்தது. எல்எஸ் கட்டளையை இட்டதும் பெயர்கள் வழக்கம்போல் வரிசையாக வந்து நின்றன. 412 மழைமானி நிலையங்கள், 412 பெயர்கள். ஒன்றும் குறையவில்லை. நிறம் மட்டும் மாறியிருந்தது. எப்போதும் இளநீலத்தில் தெரியும் பெயர்கள் யாவும் அன்று சிவப்பில் இருந்தன.

அவள் காவிரிப் படுகையிலிருந்து வந்தவள். மகாராஷ்டிர நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத் துறையில் வடகிழக்குப் பருவமழையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. நாட்டின் பெரும்பகுதிக்கோ அந்த மாதங்கள் பருவமழை முடிந்துபோன காலம். ஆகவே துறையில் அந்த மழையைப் பற்றி அக்கறை கொண்டவர்கள் இருவரே இருந்தனர். ஒருத்தி அவள். மற்றவர் அவளுக்கு நான்கு ஆண்டு மூத்தவரான ஒரு வங்காளி. அவரை எல்லாரையும்போல் அவளும் தாதா என்றே அழைத்தாள். முனைவர் பட்டம் பெற்று முந்தைய ஆண்டே அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார்.

இந்திய வானிலைத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவு போயிருந்தால் அவள் கலங்கியிருக்கமாட்டாள். கால் பாகை இடைவெளியில், 135-க்கு 129 கட்டங்களாக, 1901 முதல் நாள்தோறும் பெய்த மழை அதில் உண்டு. ஓராண்டுக்கு ஒரு கோப்பு, ஏறத்தாழ 25 மெகாபைட். போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சிவப்பில் நின்றவை அவை அல்ல. தனித்தனி நிலையங்களின் நாட்பதிவுகளைத் தாதா இரண்டரை ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் திருத்திய கோப்புகள் அவை.

திருத்தம் என்ற சொல் அந்த வேலையைச் சிறிதாகக் காட்டுகிறது. பழைய பதிவேடுகளில் மழை அங்குலத்தில் இருக்கும். ஒரு மாதம் மட்டும் யாரோ அதை மில்லிமீட்டர் என்று எண்ணி அப்படியே ஏற்றியிருப்பார். ஐந்து அங்குலம் கொட்டிய நாள் ஐந்து மில்லிமீட்டர் தூறலாகச் சுருங்கிப்போயிருக்கும். மழைமானியைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். அந்த அளவு அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. அதை எந்தத் தேதியில் எழுதுவது என்பதில் நிலையத்துக்கு நிலையம் வழக்கம் வேறுபடும். எல்லாவற்றையும்விடக் கொடியது பூஜ்யம். அன்று மழை இல்லை என்று பொருளா, அன்று மழைமானியைப் பார்க்க ஆள் வரவில்லை என்று பொருளா? புயல் கடந்த மறுநாள் ஒரு கடலோர நிலையத்தில் பூஜ்யம் என்று இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படிப்பட்ட பூஜ்யங்களைத் தேடித்தேடி வெற்றிடமாக்கியவர் தாதா. பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு, ஒளிவருடிய பதிவேட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, நாளொன்றுக்கு ஒரு நிலையம் என்ற கதியில் செய்தார்.

அவள் சேர்ந்த முதல் வாரம் அவர் கற்றுத் தந்தது ஒரே ஒரு விதி: நகல் எடுக்காதே. அதற்கு ஒரு வரலாறு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு துறைக் கருத்தரங்கில் மூன்று பேர் ஒரே நிலையத்தின் கனமழை நாட்களை மூன்று விதமாகக் காட்டினார்கள். மூவரும் தாதாவின் கோப்பை வெவ்வேறு காலத்தில் நகலெடுத்தவர்கள். அவர் அதன்பின் செய்த திருத்தங்கள் யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஒரு தரவு பல இடங்களில் இருந்தால் அது பல தரவுகளாகிவிடும் என்பதை அன்று எல்லாரும் கண்டார்கள். அதன்பின் மூலக் கோப்புகள் அவருடைய அடைவில் மட்டும் இருந்தன. மற்றவர்கள் தங்கள் அடைவிலிருந்து அங்கே ஓர் இணைப்பு வைத்துக்கொண்டார்கள். அவர் அங்கே ஒரு எண்ணைத் திருத்தினால் எல்லார் கணக்கிலும் அது திருந்தும்.

இணைப்பை உண்டாக்கும் கட்டளை எல்என். அதனோடு எஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் மென் இணைப்பு, சேர்க்காவிட்டால் வன் இணைப்பு. புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் தடுமாறுவது வரிசையில்தான்: எதை முதலில் சொல்வது? நகலெடுக்கும் சிபி கட்டளையை நினைத்துக்கொள் என்றார் தாதா. அங்கே இருப்பதை முதலில் சொல்கிறாய், உண்டாகப்போவதைப் பிறகு சொல்கிறாய். இங்கும் அதே வரிசை. அவள் அதன்பின் ஒருமுறையும் மாற்றி எழுதியதில்லை.

வேறொரு பிழை செய்தாள். மேலே ஒரு படி போய்ப் பக்கத்து அடைவுக்குள் இறங்கு என்கிற விதமாக, தான் நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்லி ஒரு மென் இணைப்பு உண்டாக்கினாள். இணைப்பையோ வேறோர் அடைவில் வைத்தாள். கட்டளை ஒரு முணுமுணுப்பும் இன்றி ஏற்றுக்கொண்டது. இணைப்பு வேலை செய்யவில்லை. மென் இணைப்பு என்பது உண்மையில் ஒரு முகவரி எழுதிய சிறு துண்டுச்சீட்டு, அதற்குமேல் ஒன்றுமில்லை. எழுதிய எழுத்துகளை அது அப்படியே வைத்திருக்கும். அந்த முகவரியில் ஏதேனும் இருக்கிறதா என்று உண்டாக்கும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. படிக்கும்போதுதான் வழி தேடப்படும். அதுவும் எழுதியவர் நின்ற இடத்திலிருந்து அல்ல, சீட்டு கிடக்கும் இடத்திலிருந்து தேடப்படும். இதைப் புரிந்துகொண்ட அன்று அவளுக்கு அது வெறும் நுணுக்கமாகவே பட்டது.

ஆகஸ்டுக் காலையில் அந்த நுணுக்கம்தான் சிவப்பு நிறமாகத் திரையில் நின்றது. நீள வடிவில் பட்டியலைக் கேட்டபோது ஒவ்வொரு பெயருக்கும் அருகே ஓர் அம்பும், அம்புக்கு அப்பால் தாதாவின் அடைவு முகவரியும் தெரிந்தன. அந்த முகவரிக்குப் போனாள். அடைவு இல்லை. ஏப்ரலில் அவருடைய கணக்கு நீக்கப்பட்டிருந்தது. பட்டம் பெற்றுக் குறிப்பிட்ட காலம் ஆனதும் மாணவர் கணக்குகளை நீக்குவது அங்கே விதி. எச்சரிக்கைக் கடிதங்கள் மூன்று முறை அனுப்பப்பட்டிருந்தன. அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சல் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது.

துறையின் பொதுத் தரவு என்ற அடைவில் முதல்முறையாக நிதானமாகத் தேடினாள். அதிலும் 412 பெயர்கள். அவையும் சிவப்பு. பொதுத் தரவில் தரவு ஒன்றுமே இல்லை, ஒருவருடைய வீட்டு முகவரி 412 முறை எழுதப்பட்டிருந்தது. சேமிப்பு நாடாக்கள் மூன்று மாதச் சுழற்சியில் மேலெழுதப்படுபவை. ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே ஒரு சுற்று முடிந்துவிட்டது. அந்த மாதங்களில் அவள் ஆய்வேட்டின் அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்தாள். தரவைத் தொடவில்லை. மற்றவர்களோ காலநிலை மாதிரிகளோடு வேலை செய்பவர்கள். நிலையப் பதிவுகள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தாதாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே விடிந்திருக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மடிக்கணினியில் உண்டா என்று கேட்டாள். இல்லை. வழங்கியில்தானே எல்லாம் செய்தேன் என்றார். பின்பு, "நகல் எடுக்காதே என்று சொன்னது நான்தானே" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அதற்குச் சொல்லத்தக்க பதில் எதுவும் இல்லை. அந்த விதி சரியான விதிதான். இன்றும் சரிதான். அது இல்லாவிட்டால் துறையில் மூன்று உண்மைகள் உலவியிருக்கும். அது இருந்ததால் ஓர் உண்மையும் இல்லாமற்போயிற்று.

தரைத்தளத்தில் வழங்கி அறை இருந்தது. அதைக் கவனித்துக்கொள்பவரைத் துறை முழுவதும் காகா என்றது. மராட்டியில் சித்தப்பா. அவளுடைய அம்மா அந்தப் பெயரைத் தொலைபேசியில் முதன்முறை கேட்டபோது, காக்கைக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று சிரித்தார். காகா 1990-களில் சன் பணிநிலையங்களில் தொடங்கியவர், ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் மிச்சம் இருந்தன. எதற்கும் அவசரப்படாதவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பேட்டா, அவன் தன் அடைவைத் தவிர வேறெங்கும் எதையும் வைத்ததில்லையா?"

அவளுக்குத் தெரியவில்லை. காகா ஒரு கட்டளை இட்டார். தேடும் கட்டளையான ஃபைண்டுக்கு நோயூசர் என்றொரு தெரிவு உண்டு. உரிமையாளர் இல்லாத கோப்புகளைக் காட்டு என்பது அதன் பொருள். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒரு கோப்பு தன் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறியும். எண்ணுக்குரிய பெயர் தனிப் பட்டியலில் இருக்கிறது. கணக்கை நீக்கும்போது பட்டியலிலிருந்து பெயர் போகும், வீட்டு அடைவும் அழிக்கப்படும். வேறிடங்களில் அந்த எண்ணுக்கு உரிய கோப்புகள் இருந்தால் அவற்றை யாரும் தொடுவதில்லை. அவை வெறும் எண்ணோடு தங்கிவிடும்.

தேடல் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. முடிந்துபோன ஒரு திட்டத்தின் அடைவுக்குள், அதற்குள் இன்னொன்றில், வங்காள மொழியில் 'புரோனோ' என்று பெயரிட்ட ஓர் அடைவு கிடந்தது. பழையது என்று பொருள். உள்ளே 412 கோப்புகள். இணைப்புகள் அல்ல, கோப்புகள். உரிமையாளரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 1043 என்ற எண் மட்டும் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. நான்காண்டு அருகருகே உட்கார்ந்து தேநீர் குடித்த ஒருவர் இயந்திரத்தின் நினைவில் எப்படி எஞ்சுகிறார் என்பதை அவள் அன்று பார்த்தாள்.

அந்தக் கோப்புகள் எப்படித் தப்பின என்பதற்கு விடை, யூனிக்ஸின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அது தெளிவாக இருக்கிறது. கோப்பு எந்த அடைவுக்குள்ளும் இருப்பதில்லை. அடைவு என்பது பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பட்டியல். இந்தப் பெயர் இந்த எண்ணுக்குரியது என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த எண் சுட்டும் இடத்தில்தான் ஐநோடு இருக்கிறது. கோப்பின் அளவு, உரிமையாளர், திருத்திய நேரம், உள்ளடக்கம் வட்டில் எங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அங்கேதான் உண்டு. கோப்பின் பெயர் மட்டும் அங்கே இல்லை. ஐநோடு என்பதில் வரும் ஐ எதைக் குறிக்கிறது என்பது தனக்கே உறுதியாகத் தெரியாது, இன்டெக்ஸாக இருக்கலாம் என்று ரிட்சி பிற்காலத்தில் எழுதினார். உருவாக்கியவருக்கே ஊகமாகிவிட்ட பெயர்.

பெயர் கோப்புக்குள் இல்லை என்றால், ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருப்பதில் தடையில்லை. அதுதான் வன் இணைப்பு. இரண்டு பெயர்களில் எது மூலம், எது இணைப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டும் ஒரே தகுதி உடையவை. எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை ஐநோடு வைத்திருக்கிறது. நீள வடிவப் பட்டியலில் அனுமதி எழுத்துகளுக்கு அடுத்து வரும், பெரும்பாலோர் கவனிக்காத அந்தச் சிறு எண் அதுதான். அழிக்கும் கட்டளையான ஆர்எம் கோப்பை அழிப்பதில்லை, ஒரு பெயரை நீக்கி அந்த எண்ணை ஒன்று குறைக்கிறது. அடியில் அழைக்கப்படும் செயற்கூற்றின் பெயரே இணைப்பை நீக்கு என்பதுதான். எண் பூஜ்யமாகி, திறந்து வைத்திருப்பவரும் யாரும் இல்லை என்றால்தான் இடம் விடுவிக்கப்படும்.

எல்என் கட்டளை 1971-ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. அன்று வன் இணைப்பு மட்டும்தான். அதற்கு இரண்டு எல்லைகள்: ஒரு கோப்பு முறைமையைத் தாண்டிப் போகாது, ஏனெனில் ஐநோடு எண் அந்த முறைமைக்குள் மட்டுமே பொருளுடையது. அடைவுகளையும் பொதுவாக அப்படி இணைக்க முடியாது. அடைவு தன்னையே உள்ளடக்கிச் சுழலத் தொடங்கினால் தேடுகிற எந்த நிரலும் வெளியே வராது. இந்த இரு குறைகளையும் தீர்க்கும் மென் இணைப்பு 1983-இல் 4.2 பிஎஸ்டி பதிப்போடு யூனிக்ஸில் பரவியது. எங்கும் போகும், எதையும் சுட்டும். வசதி மிகுதி என்பதால் இன்று இணைப்பு என்றாலே பலருக்கும் அதுதான். சுட்டுவதைத் தவிர அது வேறெதற்கும் பொறுப்பேற்பதில்லை என்பது எளிதில் மறந்துபோகிறது.

தாதா பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்பு, ஒரு பெரிய திருத்தச் சுற்றைத் தொடங்குமுன், அன்றைய நிலையை நினைவுக்கு வைக்க விரும்பியிருக்கிறார். சிபி கட்டளைக்கு ஏ, எல் என்ற இரு தெரிவுகளைக் கொடுத்தால் அடைவுகளைப் புதிதாக உண்டாக்கி, கோப்புகளுக்குப் பதில் வன் இணைப்புகளை வைக்கும். இடம் ஏறத்தாழப் பிடிக்காது. ஒரு நொடியில் முடியும். வீட்டு அடைவுகளும் திட்ட அடைவுகளும் ஒரே கோப்பு முறைமையில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. செய்ததை அவரே மறந்துவிட்டிருந்தார். ஏப்ரலில் அவருடைய அடைவு அழிக்கப்பட்டபோது பெரும்பாலான கோப்புகளின் எண் 2-லிருந்து 1 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று மாலை அவள் மகிழ்ச்சியோடு மேலே வந்தாள். மகிழ்ச்சி ஒரு மணி நேரம் நீடித்தது. கிடைத்தது பழைய நிலை. அதற்குப் பின் ஓராண்டு நடந்த திருத்தங்கள்தான் தாதாவின் கடைசி உழைப்பு. அவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எந்த நிலையம் எந்த நாளில் திருத்தப்பட்டது என்ற பட்டியல் இருந்தது. அதன்படி 355 கோப்புகள் அந்தச் சுற்றில் மாறவே இல்லை. 57 மாறியிருந்தன. அந்த 57-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே பிழை மீண்டும் வந்திருக்கும் என்று பார்க்கத் தொடங்கினாள்.

முதல் கோப்பில் பிழை இல்லை. திருத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் இல்லை. பட்டியல் முடிந்தபோது 32 கோப்புகளில் திருத்தம் இருந்தது, 25 கோப்புகளில் இல்லை. பழைய நிலையைக் காட்டவேண்டிய அடைவில் புதிய திருத்தங்கள் எப்படி வந்தன? மறுநாள் காகாவிடம் கேட்டாள். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவற்றையெல்லாம் அவன் கையால் திருத்தினானா?" என்றார். ஆம். 32-ம் நானோ என்ற எளிய திருத்தியில், கையால் எண் மாற்றப்பட்டவை. 25-ம் தேதியை ஒருநாள் நகர்த்தும் நிரலால் மாற்றப்பட்டவை.

நானோ ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதே ஐநோட்டின் மேலேயே எழுதுகிறது. அதற்கு இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டு பெயர்களிலும் புதியதுதான் தெரியும். தாதாவின் நிரலோ ஒழுங்காக எழுதப்பட்டது. முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, முடிந்ததும் அதற்குப் பழைய பெயரைச் சூட்டும். இடையில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கோப்பு மிஞ்சாது. அப்படிச் செய்யும்போது அவருடைய அடைவில் அந்தப் பெயர் புதிய ஐநோட்டுக்குப் போய்விடுகிறது. பழைய ஐநோடு 'புரோனோ'வில் மட்டும் தங்குகிறது. நிரல் எழுதக் கற்றுத்தரும் எவரும் இரண்டாவது முறையைத்தான் பாராட்டுவார்கள். அவளும் பாராட்டுவாள். ஆனால் அந்த ஆகஸ்டில் அவளுக்குக் கை கொடுத்தது முதலாவது. பழைய நிலையைக் காக்கத் தவறிய சேமிப்பு என்று காகா அதைச் சொன்னார். வன் இணைப்பைச் சேமிப்பு என்று நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பெயரை அழிப்பதிலிருந்து அது காக்கும், உள்ளே கெடுப்பதிலிருந்து காக்காது. அங்கே கெடுத்தல் நடக்கவில்லை, திருத்தல் நடந்திருந்தது. அதனால் அந்தக் குறை அவளுக்கு வாய்ப்பாக மாறியது.

நிரல் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலேயே இருந்தது. 25 கோப்புகளிலும் அதை மீண்டும் ஓட்டினாள். சரிதானா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. தாதாவின் இறுதிக் கோப்புகளிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை என்ற அட்டவணையை அவள் முந்தைய ஆண்டே கணக்கிட்டு வைத்திருந்தாள். அதோடு ஒப்பிட்டாள். 21 நிலையங்கள் பொருந்தின. நான்கு பொருந்தவில்லை. நிரலால் தேதி நகர்த்தப்பட்டபின் அதே கோப்புகளைத் தாதா கையாலும் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம் புதிய ஐநோட்டில் நடந்தது. புதிய ஐநோடு அவர் அடைவோடு போயிற்று.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய வாரம். தெருவெல்லாம் பந்தல் போடும் சத்தம். அந்த வாரத்தின் இரவுகளில் இருவரும் தொலைபேசியில் உட்கார்ந்து நான்கு நிலையங்களின் பதிவேட்டுப் பக்கங்களை மறுபடி பார்த்தார்கள். ஒளிவருடிய படங்கள் துறை நூலகத்தில் பத்திரமாக இருந்தன. தாதா பக்கத்தைப் பார்த்ததும், இந்த எழுத்தரின் ஏழு ஒன்று போல இருக்கும், நவம்பரைக் கவனி என்பார். சில இடங்களில் தான் முன்பு என்ன முடிவு செய்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. மறுபடி யோசித்து அதே முடிவுக்கு வந்தார். அட்டவணையோடு ஒப்பிட்டால் பொருந்தும். மூன்று நிலையங்கள் அப்படிச் சரியாயின.

நான்காவது கடைசிவரை பொருந்தவில்லை. முழு நூற்றாண்டில் ஒரே ஒரு நாள் இடறியது. எந்த ஆண்டு என்று தெரியும். எந்த நாளின் பூஜ்யத்தை அவர் வெற்றிடமாக்கினார், அல்லது எந்த அளவை மாற்றினார் என்று தெரியவில்லை. எண் பொருந்துவதற்காக ஒரு நாளைத் தேர்ந்து மாற்றுவது கடினம் அல்ல. இருவரும் அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார்கள், ஒரு நிமிடம்தான். பின் அந்த நிலையத்தை ஆய்விலிருந்து நீக்கினார்கள். கட்டுரையில் 411 நிலையங்கள் என்று திருத்தி, ஏன் குறைந்தது என்பதையும் மதிப்பீட்டாளருக்கு எழுதினாள். அவர் கேட்ட கேள்விக்கு விடை: முடிவு நிற்கிறது, 1950-க்கு முந்தைய பகுதியில் சற்றுத் தளர்ந்து நிற்கிறது.

கோப்புகள் இப்போது துறையின் பெயரில் உள்ள ஒரு கணக்கில் இருக்கின்றன. மாணவர் எவருடைய அடைவிலும் இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் தேதியிட்ட தனி அடைவு உண்டு, எழுதும் அனுமதி எடுக்கப்பட்டுவிட்டது. வேறொரு வட்டில் உண்மையான நகலும், இரண்டும் ஒன்றுதான் என்று சரிபார்க்கும் தொகைகளும் இருக்கின்றன. லேட்டஸ்ட் என்ற ஒரு மென் இணைப்பு மட்டும் கடைசிப் பதிப்பைச் சுட்டுகிறது. புதிய பதிப்பு வரும்போது அந்த ஒன்றை மாற்றினால் போதும். அதை மாற்றும்போது எஸ், எஃப் என்ற தெரிவுகளோடு என் என்பதையும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டளை பழைய இணைப்பின் வழியே உள்ளே நுழைந்து, பழைய அடைவுக்குள் புதிய இணைப்பை வைத்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். இப்போது எழுதும் அனுமதி இல்லாததால் குறைந்தது ஒரு மறுப்பாவது வரும். நகல் எடுக்காதே என்ற விதியை அவள் கைவிடவில்லை. வேலை செய்பவர்கள் இன்றும் இணைப்பின் வழியாகவே படிக்கிறார்கள்.

உரிமையாளரை மாற்றும் கட்டளையைக் காகா இட்டபோது அவளும் அருகில் இருந்தாள். 1043 என்ற எண் மறைந்து துறையின் பெயர் வந்தது. அதற்குமுன் அவள் ஓர் உரைக்கோப்பு எழுதி அடைவின் தலையில் வைத்திருந்தாள். யார் திருத்தினார், எந்த ஆண்டுகளில், எந்த நிலையம் ஏன் விடப்பட்டது என்பவை அதில் இருந்தன.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வாரம் அவள் மறுபடியும் தரைத்தளத்துக்குப் போனாள். சுட்டப்படும் கோப்புக்குத் தன்னை எத்தனை மென் இணைப்புகள் சுட்டுகின்றன என்று தெரியாது. அந்த எண்ணிக்கையை எந்த ஐநோடும் வைத்திருப்பதில்லை. ஒவ்வோர் இணைப்பையும் திறந்து, அதில் எழுதியுள்ள முகவரியைப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஃபைண்ட் கட்டளைக்கு எல்நேம் என்ற தெரிவைக் கொடுத்து, தன்னுடைய அடைவின் முகவரி எழுதிய இணைப்புகளை வழங்கி முழுவதும் தேடித் தருமாறு காகாவிடம் கேட்டாள். நாலைந்து இருக்கும் என்று எண்ணியிருந்தாள்.

63 வந்தன. பெரும்பாலானவை அவளுடைய ஆய்வு வழிகாட்டியின் குழுவினருடையவை. சில, எப்போதோ யாருக்கோ செய்து கொடுத்து அவள் மறந்துபோன வரைபட நிரல்களைச் சுட்டின. இரண்டு இணைப்புகள் அவள் ஒருமுறையும் பேசியிராத முதலாண்டு மாணவன் ஒருவனுடையவை. அன்று மதியமே அவன் உட்காரும் அறையைக் கேட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.